பகிடிக்கார அப்பாவுக்கு ஒரு நினைவு மலர்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"அப்பா எங்களை விட்டுப் போய் இன்று ஒன்பதாம் நாள். 31ஆம் நாளுக்கு நினைவு மலர் வெளியிட இருக்கிறோம். வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு எனக்கு. வீட்டில் இருந்த பழைய மலர்களைப் பார்த்து 'இன்முகமும் ஈகைக் குணமும் கொண்ட பண்பாளர்' என்று தொடங்கினேன். வாசித்தால் அது யாருடைய அப்பாவுக்கும் பொருந்துகிறது. எங்கள் அப்பா 1951இல் வடமராட்சியில் பிறந்து, 1973இல் கொழும்புத் துறைமுகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தவர். பெரிய பகிடிக்காரர். எங்கள் மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்த காலத்தில், மூன்றாம் மாடிப் படியில் ஒரு கதிரையை வைத்து 'இளைப்பாறலாம். கட்டணம்: ஒரு பகிடி' என்று எழுதி ஒட்டினவர். மலரில் பகிடி போட்டால் மரியாதைக் குறைவு என்கிறார் பெரிய மாமி. அப்பாவின் மேசை லாச்சியில் ஒரு கொப்பி இருந்தது. அவர் காசு கொடுத்து உதவிய ஆட்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதை மலரில் போடலாம் என்கிறார் கனடாவிலிருந்து வந்திருக்கும் அண்ணா. என்ன செய்வது? எத்தனை பக்கம் போடுவது, எப்போது அச்சுக்குக் கொடுப்பது?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் குடும்பத்தின் துயரில் பங்குகொள்கிறேன். "யாருடைய அப்பாவுக்கும் பொருந்துகிறது" என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு வேறொன்று எழுதினால் போதாது. உங்கள் அப்பா செய்த காரியங்களால் மலரை நிரப்ப வேண்டும். குணத்தின் பெயர்களை எவ்வளவு அடுக்கினாலும் ஆள் தெரியமாட்டார். அந்தக் கதிரை ஒன்றே அவரைக் காட்டிவிடுகிறது.

முதலில் நாட்கணக்கு. கையில் 22 நாள் இருக்கிறது. அச்சகத்துக்கு ஐந்து நாள் விட வேண்டும். ஞாயிறும் போயாவும் இடையில் வந்தால் அந்த நாட்கள் கணக்கில் சேரா. 24ஆம் நாள் அச்சுக்குப் போனால்தான் 29ஆம் நாள் மலர் கைக்கு வரும். பக்கமாக்கவும் பிழை திருத்தவும் நாலு நாள் தேவை. அப்படியென்றால் எழுத்தும் படங்களும் 20ஆம் நாளுக்குள் முடிய வேண்டும். இந்தப் பதினொரு நாளில் முதல் வேலை எழுதுவது அல்ல, கேட்டு எடுப்பது. செத்தவீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகள் எட்டுச் செலவு முடிந்ததும் ஒவ்வொருவராகப் பிளேன் ஏறுவார்கள். அண்ணா உட்பட யார் யார் எப்போது போகிறார்கள் என்று இன்றைக்கே கேட்டு, முதலில் போகிறவரிடம் முதலில் உட்காருங்கள். கொழும்பில் இருப்பவர்களிடம் பிறகும் கேட்கலாம்.

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் எல்லோரும் "தங்கமான மனுசன்" என்பார்கள், அத்தோடு பேச்சு நின்றுவிடும். பதில் சொல்வதற்கு ஒரு சம்பவத்தை நினைத்தே ஆகவேண்டும் என்ற மாதிரிக் கேள்விகளாகப் பார்த்துக் கேளுங்கள்: "கடைசியா எப்ப அவரோட கோவிச்சனீங்கள், எதுக்கு?" "சந்தைக்குப் போனா என்னத்தை வாங்காம வரமாட்டார்?" "அவரிட்ட ஒரு உதவி கேட்டா முதல் என்ன சொல்லுவார்?" "அவர் செய்து உங்களுக்குப் பிடிக்காத காரியம் என்ன?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அள்ளிக் கொடுக்கும் மனிதரின் வீட்டில் அந்தக் கொடையின் பாரத்தைச் சுமந்தவர்களும் இருப்பார்கள். சம்பள நாளில் பாதிக் காசு ஆருக்கோ போய்விட்ட கதையை அம்மா சிரித்துக்கொண்டு சொல்லக்கூடும், சிரிக்காமலும் சொல்லக்கூடும். அம்மா சம்மதித்தால் அது மலரில் வரட்டும். வீட்டாருக்கும் அந்தக் கொடையில் பங்கு இருந்தது என்பதை எழுதுவது நியாயம்.

அம்மாவை இந்தக் கிழமை கேள்வி கேட்டு வருத்த வேண்டாம். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நாளளவில், வழக்கமாகத் தேநீர் குடிக்கும் நேரத்தில், பழைய படங்கள் நாலைந்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். இருபது நிமிடம் போதும். கேள்வியைவிடப் படம் அதிகம் பேச வைக்கும்.

ஒலிப்பதிவுக்குக் கைத்தொலைபேசி போதும், ஆனால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலில் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். இடையில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். மேசையில் ஒரு துவாயை மடித்து, அதன்மேல், பேசுபவரிடமிருந்து ஓர் அடித் தூரத்தில் போனை வையுங்கள். கொழும்பு வீடுகளில் பதிவைக் கெடுப்பது சீலிங் ஃபேன், அதை நிறுத்துங்கள். காலி வீதிப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். வேர்க்கும், ஆனால் பேச்சு தெளிவாக இருக்கும். அன்றிரவே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து, பேசியவரின் பெயரையும் திகதியையும் கோப்பின் பெயராக இடுங்கள்.

அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகள் உறவினர் போன்களில் சிதறிக் கிடக்கும். அவற்றைச் சேமித்து உங்களுக்கு அனுப்பும்படி எல்லோரையும் இப்போதே கேளுங்கள். பகிடிக்காரரின் சொல்லை அவர் குரலிலேயே கேட்டு எழுதுவதற்கு ஈடில்லை. அவருடைய சிம்மை உடனே நிறுத்தவும் வேண்டாம், போனை 'ரீசெட்' செய்து வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். நீண்டநாள் பாவிக்காத கணக்கை வாட்ஸ்அப் நீக்கிவிடும்; அதற்கு முன்னர் உரையாடல்களையும் படங்களையும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, திகதிகள். "எண்பதுகளில் என்று நினைக்கிறேன்" என்று சொல்பவரிடம் ஆண்டைக் கேட்டுப் பயனில்லை, நாடறிந்த நிகழ்வு ஒன்றைச் சொல்லி அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். 1974 ஜனவரி யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாடு, 1983 ஜூலைக் கலவரம், 1987 இந்திய – இலங்கை ஒப்பந்தம், 1995 ஒக்டோபர் வலிகாமம் இடப்பெயர்வு, 1996 ஜனவரி மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு, 2004 சுனாமி. இவற்றில் இரண்டுக்கு நடுவே பெரும்பாலும் எல்லாச் சம்பவத்தையும் பொருத்திவிடலாம். பிறந்த திகதியில் குழப்பம் இருந்தால் பிறப்புச் சான்றிதழே கடைசி ஆதாரம். அது கைவசம் இல்லாவிட்டால் பழைய அடையாள அட்டையைப் பாருங்கள். இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள்). பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ணுவதால், 1951 போன்ற சாதாரண ஆண்டில் மார்ச் முதலாம் திகதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்கு ஒரு நாள் கூடுதலாகத் தெரியும். அது பிழையல்ல.

உத்தியோக விவரத்தையும் சரிபாருங்கள். துறைமுக அதிகார சபை 1979இல்தான் அமைந்தது. உங்கள் அப்பா 1973இல் சேர்ந்திருந்தால், அவர் சேர்ந்தது அதற்கு முன்பிருந்த நிறுவனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்: துறைமுக ஆணையகம், துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் போன்றவை அப்போது தனித்தனியாக இருந்தன. நியமனக் கடிதத்தையோ ஓய்வுபெற்றபோது கிடைத்த கடிதத்தையோ தேடிப் பாருங்கள். "1973இல் துறைமுக அதிகார சபையில் இணைந்தார்" என்று எழுதினால், அவரோடு வேலை செய்த நண்பர்கள் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்கள்.

இனி எழுதுவது. 'நகைச்சுவை உணர்வு மிக்கவர்' என்பது போன்ற வரிகளை விட்டுவிட்டு, உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்தே இப்படித் தொடங்கலாம்:

"லிஃப்ட் பழுதான அந்த நாட்களில், மூன்றாம் மாடியில் படி திரும்பும் இடத்தில் ஒரு கதிரை வந்து இருந்தது. மேலே சுவரில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு கடதாசி: 'இளைப்பாறலாம். கட்டணம்: ஒரு பகிடி.'"

இதோடு நிறுத்தினால் பாதிதான். இன்னும் நாலு விவரம் தேடுங்கள். எந்த ஆண்டு, எத்தனை கிழமை லிஃப்ட் ஓடவில்லை? கதிரை எந்த வீட்டுக் கதிரை, ஆர் தூக்கி வைத்தது? அதில் முதலில் இருந்தவர் ஆர்? 'கட்டணம்' கட்டியவர்கள் உண்மையிலேயே என்ன பகிடி சொன்னார்கள்? ஐந்தாம் மாடியில் முழங்கால் நோவோடு ஒரு ஆச்சி இருந்திருப்பார். கதிரை அவருக்காகத்தான் வந்ததென்று தெரியவந்தால், அப்பாவின் பகிடியும் பரிவும் ஒரே இடத்தில் வந்துவிடும், நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடதாசி இன்னும் இருந்தால் அதைப் படமெடுத்து அரைப் பக்கத்துக்குப் போடுங்கள். தெரியாத விவரத்தைக் கற்பனையால் நிரப்ப வேண்டாம். 31க்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் படியில் ஏறினவர்களாக இருப்பார்கள்.

பகிடி விஷயத்தில் பெரிய மாமியின் கவலையைத் தட்டிவிட வேண்டாம். அவர் இடத்தைப் பற்றிச் சொல்கிறார், அதில் நியாயம் இருக்கிறது. திருமுறைப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பகிடி வரக்கூடாது, திதி விவரத்துக்குப் பக்கத்திலும் கூடாது. மலரின் நடுவில், வாழ்க்கை வரலாறு முடிந்த பிறகு, 'அப்பா சொன்னவை' என்று இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். எதை எடுப்பது என்றால், அவர் தன்னையே பகிடி பண்ணிச் சொன்னதும் நிலைமையைப் பார்த்துச் சொன்னதும் நிற்கும். ஒருவருடைய உடம்பையோ ஊரையோ சாதியையோ தொட்ட பகிடி எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் வெளியே. பகிடிக்கு ஆளானவர் உயிரோடிருந்தால் அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், சிலர் தாங்களே இன்னும் நல்லதாக ஒன்றைச் சொல்வார்கள்.

அப்பா பேசியது பேசினபடியே வரட்டும். "எங்கே செல்கிறாய்?" என்று அவர் ஒருநாளும் கேட்டிருக்கமாட்டார். "எங்கை போறாய்?" என்று கேட்டிருந்தால் அதையே அச்சிடுங்கள். பிழை திருத்துபவர் அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றிவிடுவார். மேற்கோளுக்குள் கை வைக்க வேண்டாம் என்று பிரதியின் தலையில் எழுதிக் கொடுங்கள். பகிடியைச் சொல்லிவிட்டு "என்று அனைவரையும் சிரிக்க வைப்பார்" என்று வால் சேர்க்காதீர்கள். அந்த வால்தான் சிரிப்பைக் கொல்கிறது. முடிந்ததும் அச்சுக்கு முன்னர் அந்த இரண்டு பக்கத்தையும் பெரிய மாமிக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாமென்று சொல்லும் ஒன்றிரண்டை எடுத்துவிடுவதால் மலருக்கு ஒரு குறையும் வராது.

கொப்பி வேறு. அதை மலரில் போட வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. அப்பா அதை லாச்சிக்குள் வைத்திருந்தார், சுவரில் ஒட்டவில்லை. அதில் பெயர் உள்ள குடும்பங்கள் 31க்குப் பிள்ளைகளோடும் சம்பந்திகளோடும் வருவார்கள். எத்தனை பிள்ளைகளின் படிப்புக்கு உதவினார் என்று தொகை போடுவதும் அதே போலத்தான். தொகையைப் பார்த்து யார் யாரென்று எண்ணத் தொடங்குவார்கள். அதற்குப் பதில் உதவி பெற்றவர்களில் நெருக்கமான இரண்டு மூன்று பேரிடம் தனியாகக் கேளுங்கள்: "நீங்கள் விரும்பினால் பத்து வரி எழுதித் தாருங்கோ. பெயர் போடாமலும் விடலாம்." எழுதுகிறவர் தன் வாயால் சொன்னால் அது நன்றி, நாம் சொன்னால் அது அவரைக் காட்டிக்கொடுப்பது. ஒருவரும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உதவி செய்த விதத்தைப் பெயரில்லாமல் எழுதலாம்: காசைக் கையில் கொடுக்காமல் பள்ளிக்கூடக் கட்டணமாகக் கட்டினாரா, திருப்பிக் கேட்டாரா, கொடுத்த பிறகு அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாரா? ஒருவரின் கொடை எப்படிப்பட்டது என்பது அங்கேதான் தெரியும்.

உறவுமுறைப் பக்கத்தில் நடக்கும் தவறுதான் பிறகு வருஷக்கணக்கில் பேசப்படும். 'காலஞ்சென்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'காலஞ்சென்ற இன்னார் – இன்னார் தம்பதியரின்' என்று போட்டால் இருவருமா ஒருவரா என்று தெரியாது. இருவரும் இல்லையென்றால் 'காலஞ்சென்றவர்களான' என்று போடுங்கள். ஒருவர் உயிரோடிருந்தால், 'காலஞ்சென்ற' என்பது இறந்தவரின் பெயரோடு மட்டும் சேரும்படி இரண்டு பெயரையும் பிரித்து எழுதுங்கள். உயிரோடிருப்பவரைக் காலஞ்சென்றவராக்கிய மலர்கள் உண்டு. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து ஊகித்துத் தமிழில் எழுத வேண்டாம். ஒவ்வொரு குடும்பமும் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பட்டும், கூடவே பெயரைச் சொல்லி ஒரு குரல் செய்தியும் அனுப்பட்டும். மருமக்கள், பெறாமக்கள், சகலன், சம்பந்தி வரை பட்டியல் முடிந்ததும் தகப்பன் வழியில் ஒருவர், தாய் வழியில் ஒருவர் என இருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். திரையில் அழகாகத் தெரிவது அச்சில் மங்கும். 'டொக்யுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பழைய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பசைத்தாள் அல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களை இழுக்க வேண்டாம், மேற்பரப்பு கழன்று வந்துவிடும். மேலேயுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் விலக்கி, அல்பத்தோடு ஸ்கேனரில் வையுங்கள். யார் யாரென்று குறிக்கப் படத்தின் பின்புறம் மென்பென்சிலால் எழுதுங்கள், போல்பொயின்ற் பேனா முன்பக்கம் தெரியும்படி அழுத்தும். மலர்ச்சாலையில் உடலை வைத்திருந்தபோது எடுத்த படம் ஒன்றும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அட்டைக்கு அவர் சிரிக்கும் படம் ஒன்றை எடுங்கள். கலியாண வீட்டில் யாரோ தோளில் கை போட்ட படமாக இருந்தாலும் வெட்டி எடுக்கலாம். கடவுச்சீட்டுப் படத்தில் எவரும் பகிடிக்காரராகத் தெரிவதில்லை.

திருமுறைப் பகுதியைக் குறைக்காதீர்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்ற ஒழுங்கில் பஞ்சபுராணமும் சிவபுராணமும் இருந்தால் மலரைச் சாமியறையில் வைத்துப் படிப்பார்கள். மற்றப் பக்கங்களும் அதோடு சேர்ந்து தப்பிப் பிழைக்கும். சிவபுராணம் 95 அடி. ஏ5 பக்கத்துக்கு நாலு பக்கம் பிடிக்கும். இந்தப் பாடல்களை இன்னொரு மலரிலிருந்து தட்டச்சு செய்தால் அதிலுள்ள பிழையும் கூடவே வரும், நல்ல பதிப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். திதியை நீங்களே கணிக்க வேண்டாம். நேரத்தைச் சொல்லி ஐயரிடம் கேளுங்கள், வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு நடந்ததென்றால் ஆங்கிலத் திகதி மாறிவிடும், பஞ்சாங்க நாள் சூரிய உதயம் வரை மாறாது. வருஷா வருஷம் செய்யும் ஆட்டைத் திவசம் அந்தத் திதியை வைத்துத்தான் வரும்.

அளவுக்கு வருவோம். ஏ5, அட்டை தவிர 32 பக்கம் உங்களுக்குப் போதும். நடுவில் கம்பி அடித்துக் கட்டுவதென்றால் பக்கங்கள் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 12 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு 180 முதல் 200 சொல் வரும், வரலாற்றுக்கு ஆறு பக்கமென்றால் சுமார் 1100 சொல். உள்ளே 100 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தாள், வண்ணப் படங்களுக்கு மட்டும் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாள், அட்டை 250 ஜிஎஸ்எம், மேலே மெட் லேமினேட். வெள்ளவத்தை போன்ற கடலோரத்தில் சாதாரணக் கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தில் கறை விடும், துருப்பிடிக்காத கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள்.

எழுத்துருவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் போனில் அடிப்பது யூனிகோட். அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்தால் மாற்றும்போது கொம்புகள் இடம் மாறும், 'ர'வும் துணைக்காலும் குழம்பும், 'ஸ்ரீ' உடையும். ஆகவே வேர்டில் சரியாக இருந்தது என்று நம்பி இராமல், பக்கமாக்கிய பிறகு வரும் பிரதியைக் கடதாசியில் அச்சிட்டு ஆரம்பத்திலிருந்து திரும்ப வாசியுங்கள். ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் மூலத்தைப் பார்ப்பதுதான் வழி. பெயர்களையும் திகதிகளையும் தனியாக இன்னொரு தடவை பாருங்கள்.

பிரதிகளைத் தலைக்கணக்கில் அல்லாமல் குடும்பக் கணக்கில் எண்ணுங்கள். 250 பேர் சாப்பாட்டுக்கு வருவார்களென்றால் ஏறக்குறைய 110 குடும்பம். ஊருக்கும் வெளிநாட்டுக்கும் துறைமுக நண்பர்களுக்கும் சேர்த்து 200 அடித்தால் காணும். இந்த அளவுக்கு டிஜிட்டல் அச்சே பெரும்பாலும் மலிவு. பிளேட் செலவு இல்லை. நாலைந்து அச்சகத்தில் ஒரே விவரத்தைக் கொடுத்து விலை கேளுங்கள்.

மலரின் பிடிஎஃப் நீங்கள் நினைப்பதைவிடத் தூரம் போகும். அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, பேரப்பிள்ளைகளின் பிறந்த திகதி, பள்ளிக்கூடம் ஒன்றும் அதில் வேண்டாம். 2005இல் தொடங்கிய, 'நூலகம்' என்ற பெயருள்ள எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் இப்படியான நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. குடும்பத்தார் எல்லோரும் சம்மதித்தால் ஒரு பிரதியும் பிடிஎஃப்பும் அவர்களுக்குக் கொடுங்கள். மலருக்குள் அடங்காத ஒலிப்பதிவுகளை அண்ணா கனடாவுக்குப் போகுமுன் ஒரு யுஎஸ்பியில் அவரிடம் கொடுத்து, இன்னொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.